ஸீனத் டீச்சரும் சிவப்புக் கம்புகளும்

ஒரு கம்பு. ஒரேயொரு சிவப்புக் கம்பு. அதை அன்றைக்கு அந்த இடத்தில் யாராவது நட்டு வைத்திருந்தால், தம்பி றமீசுக்கு இன்றைக்கும் இரண்டு கால் இருந்திருக்கும். அப்துல் ஹமீட் இந்தக் கதையை எத்தனையோ வருசமாக வாய்க்குள் போட்டு மென்றுகொண்டு திரிகிறார். எத்தனை பேருக்குச் சொன்னாலும் துப்பி முடிந்ததும் இல்லை, விழுங்கி முடிந்ததும் இல்லை.

போர் முடிந்து, புத்தளத்து அகதி முகாமில் இருந்து சனம் ஊர் திரும்பத் தொடங்கிய காலம் அது. மன்னார்ப் பக்கம், அரிப்பு என்ற ஊருக்குத் தெற்கே, கடலுக்கும் காட்டுக்கும் நடுவில் கிடக்கிற ஊர். வீடு இருந்த இடத்தில் காடு நின்றது. கிணற்றுக்குள் மரம் முளைத்து வெளியே எட்டிப் பார்த்தது. எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று கேட்டால், ஒரு அரசாங்கக் கந்தோர்க்காரர் இன்னொரு கந்தோரைக் கை காட்டினார். அங்கே போனால், "ரோட்டோரமா நிண்டாப் பிரச்சினை இல்லை" என்றார்கள். றமீஸ் ரோட்டோரமாகத்தான் போனான், அடுப்புக்கு விறகு பொறுக்க. சத்தம் கேட்டு ஹமீட் ஓடிப் போனால், தம்பி புல்லுக்குள் கிடக்கிறான். பக்கத்தில்தான். ஒரு கயிற்றை எறிந்தால் எட்டும். "நானா, வராதீங்க! அங்கேயே நில்லுங்க!" என்று அண்ணனைப் பார்த்துக் கத்துகிறான். ஹமீட் நின்றார். ஆமிக்காரர் வந்து மண்ணைக் குத்திப் பார்த்துப் பார்த்துத் தம்பியைத் தூக்கி எடுக்கும் வரைக்கும் நின்ற இடத்திலேயே நின்றார். ஒரு மனிதன் அப்படி ஒருதரம் நின்றுவிட்டால், பிறகு அந்த இடத்தை விட்டு அசைவது லேசான காரியம் இல்லை.

ஸீனத் டீச்சரின் கதையைச் சொல்ல வந்தால் இந்தக் கம்பில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

றமீசின் கால் போன பிறகு மிதிவெடி எடுக்கிறவர்கள் வந்தார்கள். முகத்துக்குக் கண்ணாடி மூடி, நெஞ்சுக்குக் கனத்த அங்கி. கொதிக்கிற வெயிலில் முழங்காலில் நின்று மண்ணைச் சுரண்டினார்கள். ஆபத்தான நிலத்தின் எல்லையில் முனைக்குச் சிவப்புப் பூசின கம்புகளை நட்டார்கள். வெடி எடுத்து முடிந்த நிலத்தில் இருந்து அவற்றைப் பிடுங்கினார்கள். கடைசியில் எல்லாவற்றையும் பிடுங்கி, "இனிப் பயமில்லை" என்று கடதாசியும் கொடுத்துவிட்டுப் போனார்கள். மிஞ்சின கம்புகள் குவியலாகக் கிடந்தன. நேரான, நல்ல கம்புகள். சும்மா விட யாருக்கு மனம் வரும்? ஒருவர் கோழிக்கூடு அடித்தார். ஒருத்தி பயற்றங்கொடிக்கு ஊன்றினாள். ஹமீட் தன்னுடைய உழவு இயந்திரத்தின் பெட்டி நிறைய ஏற்றிக்கொண்டு போய், ஊருக்குப் பின்னால் இருக்கிற பாலைமரக் காட்டின் ஓரத்தில், தம்பி விழுந்த இடத்தில் இருந்து குளத்து மேடு வரைக்கும் வரிசையாக நட்டார். வெடி எடுத்து முடிந்த நிலம்தான். எடுத்தவர்களே பிடுங்கின கம்புதான். இருந்தாலும் நட்டார். கால் போன வீட்டுக்காரனை யார் போய்க் கேள்வி கேட்பது? ஒருவரும் கேட்கவில்லை.

வருசா வருசம் மாரி தொடங்குவதற்கு முன்னால் ஒரு தகரப் பெயிண்டோடு போய், மங்கிப்போன முனைகளுக்குத் திரும்பச் சிவப்புப் பூசுவார். உக்கின கம்பைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கம்பு வைப்பார். அடுத்தடுத்த வருசங்களில் புத்தளத்தில் இருந்து வந்து குடியேறின இளம் குடும்பங்கள், இது அரசாங்கம் நட்ட கம்பு என்றே நினைத்தன. அப்படி நினைக்கட்டும் என்று ஹமீட்டும் விட்டுவிட்டார். போகப்போக அவருக்கே பாதி மறந்துபோனது.

பக்கத்து வளவு ஆமினாவுக்கு மட்டும் வாய் சும்மா இருக்காது.

"ஹமீட் நானா, என்ர ஆடுகள் ஒவ்வொரு நாளும் உள்ளுக்குப் போய் மேஞ்சிட்டு வருதுகளே. ஒண்டும் ஆகேல்லையே?"

"ஆட்டுக்கு நாலு கால். ஒண்டு போனா மூண்டில நிக்கும். உனக்கு ரெண்டுதான். பொத்திக்கொண்டு இரு."

இந்த ஊருக்குத்தான் ஸீனத் டீச்சர் முன்பள்ளி நடத்த வந்தார். கணவர் பாஹிம் மீன் ஏற்றுகிற லொறி ஓட்டினார். பிள்ளை குட்டி இல்லை. டீச்சர் ஆள் ஒல்லி, குரல் மட்டும் பெரிசு. பள்ளிக்கு இரும்புத் தகடு போட்ட ஒரே அறை. சோளகக் காற்று வீசினால் தகடு அடிக்கிற அடியில் உள்ளே பேசினது உள்ளேயே கேட்காது. அறைக்குப் பின்னால் கொஞ்சம் வெறும் மணல், அதற்கப்பால் ஹமீட்டின் கம்புகள், கம்புகளுக்கு அப்பால் பாலைமர நிழல்.

டீச்சர் வந்த நாளில் இருந்து பிள்ளைகளை அறைக்குள் வைத்திருந்தது குறைவு. செருப்பைக் கழற்றச் சொல்லி மணலில் நடக்க விடுவார். காலையில் ஒரு பிள்ளையின் நிழலைச் சுற்றிக் கோடு கீறி வைத்துவிட்டு, பள்ளி விடுகிற நேரம் அதே பிள்ளையை அதே இடத்தில் நிறுத்துவார். நிழல் கோட்டை விட்டு ஓடிப்போயிருக்கும். "என்ர நிழலைக் களவெடுத்துப்போட்டினம்" என்று அழுத பிள்ளையும் உண்டு. எறும்பு போகிற வழியில் படுத்துக் கிடந்து பார்க்க வைப்பார். வேப்பிலை, எருக்கிலை, துளசி மூன்றையும் கண்ணைப் பொத்திக்கொண்டு மணக்கச் சொல்லுவார்.

தாய்மாருக்கு இது பிடிக்கவில்லை. பஸ்மினா என்ற ஒருத்தி, இரண்டு பிள்ளைகளின் தாய், முகத்துக்கு நேரே கேட்டாள்: "டீச்சர், வீட்டில இல்லாத மண்ணையா இங்க வந்து விளையாட வேணும்? அ, ஆ எழுதப் பழக்குங்கோவன்."

"வீட்டில மண்ணில விடுறீங்களோ?"

பஸ்மினா குனிந்து பிள்ளையின் உடுப்பில் இருந்த மணலைத் தட்டினாள்.

"நான் முகாமில பிறந்தனான்" என்றார் டீச்சர். "எங்கட குடிசைக்கும் பக்கத்துக் குடிசைக்கும் நடுவில ரெண்டு கையையும் நீட்டி நிக்க ஏலாது. ஓடி விளையாடுற கிளித்தட்டு எண்டா என்னெண்டு கலியாணம் முடிச்சாப் பிறகுதான் தெரியும். எங்கட வாப்பா பாலைப்பழத்தைப் பற்றிச் சொல்லுவார். பழம் தின்டா வாய் ஒட்டுமாம், மரத்துக்குக் கீழ கரடி வருமாம். கதை மட்டும் கேட்டு வளந்தனான். இந்தப் பிள்ளையளுக்கு மரம் கண்ணுக்கு முன்னால நிக்குது. இதுகளும் கதையா கேக்க வேணும்?"

அப்போதும் கம்பைத் தாண்டவில்லை டீச்சர். புதிதாக வந்தவர். சிவப்பைக் கண்டு அவருக்கும் பயம்தான். பிள்ளைகளைக் கம்பு வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், அங்கே நின்று மரத்தைக் காட்டிவிட்டுத் திரும்புவார்.

ஹமீட்டின் கடைசி மகள் முஸ்பிராவும் அங்கேதான் படித்தாள். பேரப்பிள்ளை வயதில் பிறந்த மகள். அவளைத் தரையில் விடுவதே அபூர்வம். ஒருநாள் அவளை ஏற்றிவர உழவு இயந்திரத்தோடு போனவர், வளைவிலேயே பிரேக்கை மிதித்தார்.

பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை கம்பை நோக்கி ஓட வேண்டும். கிட்டப் போனதும் மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து "டும்!" என்று கத்துவார்கள். ஓடின பிள்ளை விழ வேண்டும். விழுந்து, ஒரு காலை மடக்கிப் பின்னால் பிடித்துக்கொண்டு, மற்றக் காலில் துள்ளித் துள்ளித் திரும்பி வர வேண்டும். எல்லாரையும் விட நன்றாகத் துள்ளினது முஸ்பிராதான். வீட்டில் பார்த்துப் பழகச் சாச்சா றமீஸ் இருக்கிறானே.

"வாப்பா, பாருங்கோ! நான்தான் சாச்சா!"

ஹமீட் எஞ்சினைக்கூட நிறுத்தவில்லை. இறங்கி நேரே டீச்சரிடம் போனார்.

"இதையா படிப்பிக்கிறீங்கள்? என்ர தம்பிட காலை வச்சு விளையாட்டா?"

"நான் படிப்பிக்கேல்ல நானா. நானும் இண்டைக்குத்தான் பார்த்தன். உங்கட வீட்டுக் கதையெண்டு நிப்பாட்டப் போனனான். பிறகு யோசிச்சன், நிப்பாட்டினா மறைஞ்சு விளையாடுவாங்கள்." டீச்சரின் குரல் தணிந்தது. "பிள்ளை கண்டதைத்தான் விளையாடும். இதுகள் காலையில கண் முழிச்சா காணுறது அந்தக் கம்பைத்தான்."

"அந்தக் கம்பு இல்லாட்டி உங்கட பள்ளிக்கூடத்தில இப்ப எத்தினை பிள்ளைக்குக் கால் இருக்கும்?"

டீச்சர் திரும்பிக் கம்பு வரிசையைப் பார்த்தார். அடுத்த நாளே, அதை நட்டது யார் என்று கேட்டு அலையத் தொடங்கினார். ஆமினாதான் முதலில் உண்மையைச் சொன்னவள்: "அது ஹமீட் நானா நட்ட கம்பு டீச்சர். எங்கட ஆட்டுக்கும் தெரியும்." டீச்சர் மன்னாருக்கு பஸ் ஏறிப் போய், வெடி எடுத்த இடங்களைத் தெரிந்தவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் காட்டுக்குள் குறுக்கும் மறுக்கும் நடந்து காட்டினார்கள். பழைய கடதாசியின் பிரதியையும் நீட்டினார்கள். ஹமீட் அதை வாங்கக்கூட இல்லை.

"அண்டைக்கும் பிரச்சினை இல்லையெண்டுதான் சொன்னாங்கள். கடதாசிக்குக் கால் இருக்கோ, போறதுக்கு?"

பாலை பழுக்கிற காலம் வந்தது. ஒரு காலை, தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற நேரம், டீச்சர் தன்னுடைய செருப்பைக் கழற்றி ஒரு சிவப்புக் கம்புக்குப் பக்கத்தில் வைத்தார். ஹபாயாவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு கம்பைத் தாண்டினார். தாய்மார் பிள்ளைகளை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். ஹமீட் உழவு இயந்திரத்தின் இருக்கையில் இருந்தபடி, சுக்கானை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வாய்க்குள் கலிமா ஓடினது. மஞ்சள் பழம் உதிர்ந்து கிடந்த மரத்தடிக்கு டீச்சர் போனார், குனிந்தார், பொறுக்கினார், திரும்பி நடந்து வந்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"இந்தாங்கோ" என்று பிள்ளைகளுக்கு நேரே கையை நீட்டினார். "தேன் மாதிரி இருக்கும்."

ஒரு பிள்ளையும் வாங்கவில்லை. முஸ்பிரா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். பழங்களோடு டீச்சர் அப்படியே நின்றார். பஸ்மினா வந்து தன் பிள்ளைகளின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். "பைத்தியம். தனக்குப் பிடிச்ச பைத்தியத்தைப் பிள்ளையளுக்கும் குடுக்கப் பார்க்கிறா."

ஹமீட்டும் முஸ்பிராவை முன்பள்ளியில் இருந்து நிறுத்தினார். அவர் நிறுத்தினதும் வரிசையாக மற்றவர்களும் நிறுத்தினார்கள். "ஹமீட் நானாட பிள்ளை போனா எங்கட பிள்ளையும் போகும்" என்று ஊர் முழுக்க ஒரே பேச்சு. பள்ளிக்கூடத்தின் பூட்டு அவருடைய கையில் வந்து நின்றது. அவர் கேட்காமலே.

டீச்சர் வீட்டுக்குத் தேடி வந்தார். கதிரை போட்டும் உட்காரவில்லை.

"நானா, நீங்கள் ஒராள் சொன்னா ஊர் கேக்கும். ஒருக்கா வந்து உள்ளுக்கு நடவுங்கோ. நான் உங்களோட நடக்கிறன். பிள்ளையள் பிறகு வரட்டும்."

"உங்களுக்குப் பிள்ளை இல்லை டீச்சர். அதுதான் இந்தத் துணிவு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது ஹமீட்டின் காதில் விழுந்தது. உள்ளே அடுப்படியில் மனைவி கையில் இருந்த சட்டியை வைத்த சத்தமும் கேட்டது. டீச்சர் முகம் மாறவில்லை. படலையடியில் நின்று செருப்புக்குள் இருந்த மணலைத் தட்டிக் கொட்டினார். போய்விட்டார்.

கொஞ்ச நாளில் டீச்சருக்கு வருத்தம் என்று கதை வந்தது. மார்பில் கட்டியாம். வெகு நாளாகவே இருந்ததாம், ஒருவருக்கும் சொல்லவில்லையாம். பாஹிம் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். முன்பள்ளிக் கதவில் பூட்டு விழுந்தது. சோளகம் வீசி மணலைக் கொண்டுவந்து வாசல்படியை மூடினது. பிள்ளைகள் வீடுகளுக்குள் போனைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். பெயிண்ட் பூசுகிற நாளும் வந்தது. ஹமீட் தகரத்தை வாங்கிக் கொண்டுவந்து வைத்தார். மூடியைத் திறக்கக் கை வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினார். அதற்குள் மழை வந்துவிட்டது.

முதல் மழை விட்ட காலையில் முற்றத்தில் இருந்து முஸ்பிராவின் அலறல். வீட்டில் இருந்த எல்லாரும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். முற்றத்து நடுவில் பிள்ளை ஒற்றைக் காலில் நிற்கிறாள். மற்றக் காலைத் தூக்கி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருக்கிறாள். அவளுக்கு முன்னால் ஈர மண்ணில் ஒரு தம்பளப்பூச்சி ஊர்ந்துகொண்டிருக்கிறது. சிவப்புப் பட்டுத் துணியில் வெட்டி எடுத்த பொட்டு மாதிரி, மழைக்குப் பிறகு மண்ணுக்குள் இருந்து வருகிற சின்னப் பூச்சி. கடிக்கவும் தெரியாது, ஓடவும் தெரியாது.

"சிவப்பு! வாப்பா, சிவப்பு! வெடிக்கும்! வராதீங்கோ, அங்கேயே நில்லுங்கோ!"

ஹமீட் நின்றார். தன் வீட்டு முற்றத்தில், தன் பிள்ளைக்கு ஒரு பாய்ச்சல் தூரத்தில், கால் அசையாமல் நின்றார். இந்தச் சொல்லை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அவரே எத்தனை தரம் எத்தனை பேரிடம் அந்த நாளைச் சொல்லியிருப்பார்? மடியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவள்தானே.

அவரைத் தாண்டி றமீஸ் போனான், பொய்க்கால் ஈர மண்ணில் புதையப் புதைய. குனிய அவனுக்குக் கஷ்டம். ஒரு பக்கம் சரிந்து உட்கார்ந்து, பூச்சியை எடுத்து உள்ளங்கையில் விட்டான்.

"இந்தா மகள். வெடிக்குதா பார். உன்ர கன்னம் மாதிரி இருக்கு. தொட்டுப் பார்."

முஸ்பிரா தொடவில்லை. தூக்கின காலையும் கீழே வைக்கவில்லை. கடைசியில் தாய்தான் வந்து, தூக்கின காலோடேயே அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

றமீஸ் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான். "நானா, ஒண்டு சொல்லட்டா? கோவிக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"நான் அந்தக் காட்டுக்குள்ள கன வருசமாப் போறனான். என்ர சைக்கிள் கடையைப் பூட்டிப்போட்டு விறகுக்குப் போவன், பழத்துக்குப் போவன். உங்களுக்கு நோகுமெண்டு சொல்லேல்ல." பூச்சியை மெதுவாக மண்ணில் இறக்கி விட்டான். "கால் போனது எனக்கு. பயம் பிடிச்சது உங்களுக்கு. இப்ப அதைப் பிள்ளைக்கும் குடுத்துட்டீங்கள்."

ஹமீட் தம்பியை அடிக்கப் போகிறவர் மாதிரி ஒரு அடி வைத்தார். பிறகு கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்.

டீச்சரைக் கொழும்பில் இருந்து திருப்பிக் கொண்டுவந்திருந்தார்கள். இனிச் செய்ய ஒன்றும் இல்லையாம். அன்றைக்குப் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு ஹமீட் அங்கே போனார். பாஹிம் பேசாமல் கதவை அகலத் திறந்துவிட்டார். கட்டிலில் டீச்சர் கிடந்தார். ஒல்லியாக இருந்தவர், இப்போது போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. அந்தப் பெரிய குரலும் போய்விட்டது. கிட்டப் போய்க் காதைக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஹமீட் வாசலில் வைத்தே நூறுதரம் சொல்லிப் பார்த்த வார்த்தை ஒன்று இருந்தது. கதிரையில் இருந்த பிறகு அது வரவில்லை. "மழை நல்லாப் பெய்யுது" என்றார்.

"ஓம். கூரைத் தகட்டில கேட்டுக்கொண்டு கிடந்தனான். முஸ்பிரா சுகமோ?"

ஹமீட் காலையில் நடந்ததைச் சொன்னார். பூச்சி, சிவப்பு, ஒற்றைக் கால், எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். நித்திரையாகிவிட்டாரோ என்று பார்த்தால், மூடின கண்ணின் ஓரத்தால் தண்ணீர் வழிகிறது.

"இந்த வருசம் பெயிண்ட் அடிக்கேல்ல டீச்சர்" என்றார் ஹமீட்.

"அடிக்காம விட்டா மட்டும் காணாது நானா."

"தெரியும். இண்டைக்கு ராவே போய் எல்லாத்தையும் பிடுங்கி அடுப்பில வச்சிடுறன்."

டீச்சர் கண்ணைத் திறந்தார். போர்வைக்குள் இருந்து கை வந்தது. வேண்டாம் என்பதுபோல அசைந்தது. அவருக்குப் பேச மூச்சுப் போதவில்லை; பாஹிம் தண்ணீர் பருக்கினார். பருக்கின தண்ணீர் பாதி வெளியே வந்தது. ஹமீட் எழும்பப் பார்த்தார், இன்னொரு நாளைக்கு வரலாம் என்று. டீச்சர் விடவில்லை. இன்னொரு நாள் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கிழமை முடியும் முன்னமே டீச்சரின் ஜனாஸாவைப் பள்ளிவாசல் மையவாடியில் அடக்கக் கொண்டுபோனார்கள். ஊரே போனது, பஸ்மினாவின் கணவர்கூடத் தோள் கொடுத்தார். மண் தள்ளிவிட்டுத் திரும்புகிற வழியில் பார்த்தால், நனைந்த கம்புகள் வரிசை குலையாமல் அப்படியே நிற்கின்றன, முனை மங்கி. ஹமீட் அன்றைக்கும் அவற்றில் கை வைக்கவில்லை. டீச்சர் கேட்டபடி செய்வதானால் அதற்கு ஒரு முறை இருந்தது. அதுதான் அவருக்குக் கல்லாகக் கனத்தது. கட்டிலில் கிடந்து டீச்சர் கடைசியாகக் கேட்டது இதைத்தான்:

"ராவில வேணாம் நானா. ஆளில்லாத நேரம் பிடுங்கினா, கம்பு போயிடும், பயம் அங்கேயே நிக்கும். காலையில, எல்லாப் பிள்ளையளும் பார்க்கப் பிடுங்குங்கோ. முதல் கம்பை நீங்கள் தொட வேணாம். முஸ்பிராவை இறக்கி விடுங்கோ, செருப்பில்லாம. அவ பிடுங்கட்டும்."